காரின் கூரையில் ஏறும் மீன்பிடிப் படகு: தேர்ந்தெடுப்பது முதல் தண்ணீரில் இறக்குவது வரை

காரின் கூரையிலேயே கட்டிக்கொண்டு போகிற சின்னப் படகுக்கு ட்ரெய்லர் வேண்டாம், சாய்தளம் வேண்டாம், படகுத்துறையில் வரிசையில் நிற்கவும் வேண்டாம். கரையில் இரண்டு பேர் நிற்க இடம் இருந்தால் இறக்கிவிடலாம். பெரிய படகுகள் நுழைய முடியாத சிறு ஏரி, நாணல் மண்டிய ஓரம், மரம் சாய்ந்து கிடக்கும் ஆற்று வளைவு எல்லாம் உங்கள் கைக்கு எட்டும். மீனும் பெரும்பாலும் அங்கேதான் ஒதுங்கியிருக்கும்.

இவ்வளவு வசதி இருந்தும், வாங்கிய கொஞ்ச நாளிலேயே வீட்டுக்குப் பின்னால் கவிழ்ந்து கிடக்கும் படகுகள் உண்டு. படகில் குறை இருக்காது. ஏற்றி இறக்குவது பெரும்பாடாகிப் போயிருக்கும். காலையில் கிளம்புகிற உற்சாகத்தில் எதையும் தூக்கிவிடலாம். நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்து, முதுகு பிடித்துக்கொண்ட பிறகு, துணைக்கு ஆளில்லாமல் அதே படகைத் திரும்பக் கூரையில் ஏற்ற முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும் என்றால் அதுதான் உங்களுக்கான படகு. நீளம், மோட்டார், இருக்கை எல்லாம் அதற்கு அப்புறம். கீழே வருகிற ஒவ்வொரு படியிலும் இந்த எடைக் கணக்கு தலைகாட்டிக்கொண்டே இருக்கும்.

படி 1: படகுக்கு முன்னால் காரைப் பாருங்கள்

காரோடு வந்த கையேட்டைத் திறந்து, கூரை எவ்வளவு தாங்கும் என்ற எண்ணைத் தேடுங்கள். பல கார்களுக்கு இது 50 கிலோவுக்கும் 100 கிலோவுக்கும் இடையில் இருக்கும். 75 கிலோ என்பது அடிக்கடி கண்ணில் படும் எண். அது வண்டி ஓடும்போதைய வரம்பு. நிற்கும் வண்டியின் கூரை அதைவிடப் பல மடங்கு தாங்கும். கூரைமேல் கூடாரம் போட்டு இரண்டு பேர் படுப்பது அதனால்தான் சாத்தியமாகிறது. அந்தப் படங்களைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. ஓடும் வண்டி வளைவில் சாயும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் கூரை படும் பாடு வேறு.

அடுத்து, கூரையில் மாட்டும் குறுக்குச் சட்டங்களுக்கு ஒரு தனி வரம்பு. அதன்மேல் படகுக்கென்று தொட்டில் மாதிரியான தாங்கி ஏதும் மாட்டினால் அதற்கு இன்னொரு வரம்பு. மூன்றில் எது குறைவோ அதுதான் உங்கள் எண். சட்டம், தாங்கி ஆகியவற்றின் சொந்த எடையும் கூரையின் கணக்கில்தான் சேரும். 75 கிலோ கூரையில் 6 கிலோ சட்டமும் 4 கிலோ தாங்கியும் போனால் படகுக்கு மிஞ்சுவது 65 கிலோ. மோட்டார், பேட்டரி, நங்கூரம், துடுப்பு எதுவும் கூரைக்குப் போகக் கூடாது, அவை டிக்கிக்கு.

இரண்டு சட்டங்களுக்கும் இடையே எவ்வளவு தூரம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. ஒரு மீட்டர் கிடைத்தால் 3 மீட்டர் படகு ஆட்டமில்லாமல் உட்காரும். சின்னக் கார்களில் 60, 70 செ.மீ.தான் கிடைக்கும். அப்போது முன்னும் பின்னும் கட்டும் கயிறுகளின் பொறுப்பு கூடுகிறது. சட்டமே இல்லாமல் கதவு வழியாகப் பட்டை விட்டுக் கட்டும் மெத்தைகள் கயாக் என்ற இலேசான, ஒல்லியான துடுப்புப் படகுக்குச் சரி, அலுமினியப் படகுக்கு வேண்டாம்.

கூரையின் உயரத்தையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். தாழ்வான செடான் வண்டியில் சட்டம் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும். உயரமான எஸ்யூவியில் 1.8, 1.9 மீட்டர். இந்த 30, 40 செ.மீ. வித்தியாசத்தில், தோள் உயரத்துக்குத் தூக்குவது தலைக்கு மேல் தூக்குவதாக மாறிவிடுகிறது. அதே 45 கிலோ படகு ஒரு காரில் சுலபமாகவும் இன்னொரு காரில் ஆபத்தாகவும் இருப்பது இதனால்தான். கூரையில் பெரிய கண்ணாடித் திறப்பு, சுறாத்துடுப்பு ஆன்டெனா, மேல்நோக்கித் திறக்கும் பின்கதவு இருந்தால் படகு எங்கே இடிக்கும் என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

படி 2: எந்த வகைப் படகு

மேலே உட்கார்ந்து ஓட்டும் மீன்பிடிக் கயாக் பெரும்பாலும் 25 முதல் 40 கிலோ. மிதி பெடல் வைத்தவை அதையும் தாண்டும். ஒரே ஆள், காற்றில்லாத தண்ணீர், அதிகச் சாமான் இல்லை என்றால் இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் நாள் முழுக்க ஒரே இடத்தில் கால் நீட்டி உட்கார வேண்டும்.

இரு முனையும் கூரான, மேலே திறந்த துடுப்புப் படகான கனூ 25 முதல் 35 கிலோ. தூக்கிச் சுமக்க இதுதான் சுகம். காற்று அடித்தால் திசை மாறும், நின்றால் தள்ளாடும்.

அலுமினியத் தட்டை அடிப் படகு, 10 அடி நீளத்தில் 40 முதல் 50 கிலோ. 12 அடியானால் 50-இல் தொடங்கி 70 வரை போகும். அமைதியான தண்ணீரில் மேடைபோல் அசையாமல் நிற்கும், தூண்டில் வீச அவ்வளவு தோது. சிறு அலை வந்தால் அடிப்பாகம் பளார் பளார் என்று அறையும். அதே நீளத்தில் வி வடிவ அடி கொண்டது அலையை வெட்டிக்கொண்டு போகும். பதிலுக்கு நிற்கும்போது கொஞ்சம் உருளும். பெரிய நீர்த்தேக்கத்தில் மதியக் காற்று கிளம்புகிற இடங்களுக்குப் போகிறவர் வி அடியை வாங்குவதே புத்திசாலித்தனம்.

காற்றடிக்கும் படகில் 3 மீட்டர் நீளமுள்ளது, தரைப்பலகையோடு 30 முதல் 45 கிலோ. சுருட்டி டிக்கியில் போட்டுவிடலாம் என்பது பெரிய லாபம். ஆனால் ஒவ்வொரு தடவையும் காற்றடித்து, வீட்டுக்கு வந்து காயவைத்து, மடித்து வைக்க வேண்டும். இதற்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. காலை 25 டிகிரியில் குழாய்களில் 0.25 பார் அழுத்தம் வைத்துவிட்டுக் கரையில் வெயிலில் போட்டால், உள்ளே காற்று 50 டிகிரிக்குப் போகும்போது அது 0.35 பாருக்கு நெருக்கமாக ஏறிவிடும். குழாயின் துணி விரிவதால் கொஞ்சம் குறையலாம், ஆனாலும் தையலுக்கு அது நல்லதல்ல. கரையில் இருக்கும்போது கொஞ்சம் காற்றை இறக்கி வையுங்கள். குளிர்ந்த தண்ணீரில் இறக்கியதும் அழுத்தம் குறையும், அப்போது திரும்ப அடித்துக்கொள்ளலாம்.

ஃபைபரிலும் மரப்பலகையிலும் 40 கிலோவுக்குள் அருமையான படகுகள் உண்டு. கல்லும் முள்ளும் நிறைந்த கரையில் இழுப்பவருக்கு அவை ஒத்துவராது.

ஒருவர் அல்லது இருவர், ஏரியும் மெதுவான ஆறும், சின்ன மோட்டார் என்றால் என் ஓட்டு 10 அடி அலுமினியத்துக்குத்தான். 12 அடிக்கு ஆசைப்படுகிறவர்கள் அதை ஒருமுறை கடையிலேயே தூக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

படி 3: எவ்வளவு தாங்கும் என்று நீங்களே கணக்குப் போடுவது

படகின் உட்புறம் ஒரு தகடு ஒட்டியிருக்கும்: எத்தனை பேர், மொத்தம் எத்தனை கிலோ, அதிகபட்சம் எத்தனை குதிரைத்திறன். அதுவே சட்டம். தகடு இல்லாத பழைய படகாக இருந்தால் ஒரு கைக்கணக்கு உண்டு: நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15-ஆல் வகுத்தால் ஆட்களின் எண்ணிக்கை வரும். 10 அடி நீளம், 4 அடி அகலம் என்றால் 40-ஐ 15-ஆல் வகுக்க 2.67. பின்னத்தைத் தள்ளிவிட்டு 2 பேர் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அமைதியான தண்ணீருக்குத்தான் இந்தக் கணக்கு.

எனக்குப் பிடித்த கணக்கு வேறு. தட்டை அடிப் படகின் அடிப்பாகம் 3 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம் என்று வையுங்கள்: 2.7 சதுர மீட்டர். படகு 1 செ.மீ. அமிழ்ந்தால் 27 லிட்டர் தண்ணீரை விலக்கும், அதாவது ஒவ்வொரு 27 கிலோவுக்கும் 1 செ.மீ. இறங்கும். இப்போது படகு 45, இரண்டு பேர் 150, மோட்டார் 9, பேட்டரி 13, நங்கூரம், பெட்டி, தண்ணீர் எல்லாம் சேர்த்து 20. மொத்தம் 237 கிலோ. 27-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9 செ.மீ. பக்கச் சுவர் 40 செ.மீ. உயரம் என்றால் தண்ணீருக்கு மேல் 31 செ.மீ. மிச்சம். நன்றாகவே இருக்கிறது. ஆனால் மீனைத் தூக்க இரண்டு பேரும் ஒரே பக்கம் சாய்ந்தால் அந்த 31 செ.மீ. மளமளவென்று கரையும். அடுத்த படகோட்டியின் அலை அந்த நேரம் பார்த்து வந்தால் விளிம்பு தாண்டித் தண்ணீர் உள்ளே வரும்.

ஆடாமல் நிற்பதற்கு நீளத்தைவிட அகலம்தான் முக்கியம். படகு சாயாமல் எதிர்த்து நிற்கும் திறன் நீளத்துக்கு நேர் விகிதத்தில் கூடும். அகலத்துக்கோ மும்மடி விகிதத்தில் கூடும். அகலம் 10 சதவீதம் கூடினால் அந்தத் திறன் மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். ஆகவே ஒரே எடையில் 12 அடிக்கு ஒல்லியான படகும் 10 அடிக்கு அகலமான படகும் கிடைத்தால், நின்று தூண்டில் வீச நினைப்பவர் அகலத்தையே எடுக்க வேண்டும்.

படி 4: பழைய படகு வாங்குவதாக இருந்தால்

அலுமினியப் படகு பழசானாலும் மதிப்பு குறையாத பொருள். பார்த்து வாங்கினால் போதும். முதலில் அடிப்பாகத்தின் நெடுக ஒரு நீளமான நேர்ச்சட்டத்தை வைத்துப் பாருங்கள். நடுவில் குழிவோ மேடோ இருந்தால் யாரோ தவறாக ஏற்றிக் கட்டியிருக்கிறார்கள் அல்லது பாறைமேல் போட்டிருக்கிறார்கள். பிறகு மோட்டார் மாட்டும் பின்பலகையை ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மந்தமாக, ஈரச் சத்தம் வந்தால் உள்ளே மரம் உளுத்திருக்கிறது. பலகையை மாற்றிவிடலாம், ஆனால் விலை பேசும்போது அதைச் சொல்லிக் குறைக்க வேண்டும்.

தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகள் ஒழுகுகிறதா என்று பார்க்கப் படகைத் தண்ணீரில் இறக்கவே வேண்டாம். சமதளத்தில் இரண்டு கட்டையின்மேல் வைத்து, உள்ளே சில செ.மீ. உயரத்துக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். அரை மணி நேரத்தில் எந்த ஆணி, எந்தத் தையல் ஒழுகுகிறது என்று வெளியே துளி துளியாகத் தெரிந்துவிடும். சாக்குக்கட்டியால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். நிறைய ஊற்றிவிடாதீர்கள். தண்ணீரில் இருக்கும்போது வெளியிலிருந்து தாங்கல் கிடைக்கும். கட்டைமேல் அது கிடையாது, தகடு வளைந்துவிடும். இரண்டு மூன்று ஆணி ஒழுகினால் பெரிய விஷயமில்லை, திரும்ப அடித்து இறுக்கலாம். நடுவில் துளையுள்ள சாதா பாப் ரிவெட் போட்டு யாராவது ஒட்டுப்போட்டிருந்தால் அந்தத் துளை வழியாகவே தண்ணீர் வரும். அவற்றை மாற்றித்தான் ஆக வேண்டும்.

படி 5: கூரையில் ஏற்றுவது

நிறைய பேர் படகைத் தலைக்கு மேல் முழுசாகத் தூக்கி வைக்கப் பார்க்கிறார்கள். தேவையே இல்லை. ஒரு முனையைத் தரையில் விட்டு மறுமுனையை மட்டும் தூக்கினால் உங்கள் கைக்கு வருவது ஏறக்குறைய பாதி எடைதான்.

1. படகைக் காருக்குப் பின்னால் நேர்கோட்டில் கவிழ்த்துப் போடுங்கள். அணியம், அதாவது படகின் முன்முனை, காரைப் பார்த்து இருக்கட்டும். பின்பலகை தேயாமல் இருக்க அதன் அடியில் ஒரு பழைய மிதியடி.

2. காரின் பின்பக்க விளிம்பில் கனமான துணியோ ரப்பர் பாயோ விரியுங்கள்.

3. அணியத்தைத் தூக்கிப் பின்சட்டத்தின்மேல் சாய்த்து வையுங்கள். இப்போது 45 கிலோவில் 22, 23 கிலோதான் உங்கள் கையில். இந்த நிலையில் படகு தானாக நிற்கும். மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள்.

4. பின்னால் போய், முழங்காலை மடக்கி, பின்பலகையைத் தூக்கியபடி முன்னால் தள்ளுங்கள். அணியம் பின்சட்டத்தைத் தாண்டி முன்சட்டத்தில் ஏறும்.

5. முன்னும் பின்னும் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்துச் சரிசெய்யுங்கள். எடை இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் விழ வேண்டும்.

நான்காவது படிதான் கஷ்டம், ஏனென்றால் அலுமினியம் சட்டத்தில் உரசி நிற்கும். பின்சட்டத்தில் ஒரு பிவிசி குழாயை உறைபோல் மாட்டிவிட்டால் அது உருளும். படகு வழுக்கிக்கொண்டு போகும். ஏற்றி முடித்ததும் படகு அதே குழாய்மேல் உருளாமல் இருக்கப் பட்டையை நன்றாக இழுக்க வேண்டும். கார் மிக உயரம் என்றால், இழுவைக் கொக்கியில் செருகும் டி வடிவக் கம்பம் ஒன்று வாங்கலாம் அல்லது வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ளலாம். அணியம் முதலில் அதன்மேல் உட்காரும், பிறகு பின்பக்கத்தைத் தூக்கி வட்டமாகச் சுற்றிச் சட்டத்தின்மேல் கொண்டுவரலாம்.

படகு கவிழ்ந்த நிலையில்தான் போக வேண்டும். நிமிர்ந்து போனால் மழைத்தண்ணீர் தேங்கும், காற்றும் உள்ளே புகுந்து தூக்கும்.

கட்டுவதற்கு 25 மி.மீ. அகலமுள்ள, அழுத்திப் பிடிக்கும் பக்கிள் வைத்த பட்டைகள் இரண்டு போதும். ராட்செட் பட்டை வேண்டாம். அது எவ்வளவு இறுக்குகிறது என்று கைக்குத் தெரியாது, மெல்லிய விளிம்பை நசுக்கிவிடும். பட்டை படகின்மேல் போய்ச் சட்டத்தைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். வழியில் ஒரே ஒரு முறுக்கு விடுங்கள். தட்டையாக விட்டால் காற்றில் அதிர்ந்து, ஊர் போய்ச் சேரும்வரை காதைத் துளைக்கும்.

பிறகு அணியத்திலிருந்து காரின் முன்பக்கத்துக்கும், பின்பலகையிலிருந்து காரின் பின்பக்கத்துக்கும் கயிறு. சிலர் இதை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். சட்டமே கழன்று போனாலும் படகைக் காரோடு பிடித்து வைக்கப்போவது இந்தக் கயிறுகள்தான். பானெட்டின் அடியில் போல்ட்டில் மாட்டும் துணி வளையம் கிடைக்கும். பிளாஸ்டிக் பம்பரில் கொக்கி மாட்டாதீர்கள். கயிறு அறுந்தாலும் சக்கரத்தில் போய்ச் சுற்றாத நீளத்தில் வால் இருக்கட்டும்.

காற்றின் விசை வேகத்தின் இருமடியில் ஏறும். மணிக்கு 70 கி.மீ.-இல் இருந்து 100-க்குப் போனால் படகின்மேல் படும் விசை இரண்டு மடங்காகிவிடும். பாலத்தின்மேல் பக்கக்காற்று, எதிரே வரும் லாரி வாரியடிக்கும் காற்று இரண்டுக்கும் 80-க்குள் போவது நல்லது. கிளம்பி 10 கி.மீ. போனதும் நிறுத்தி எல்லாவற்றையும் கையால் இழுத்துப் பாருங்கள். முதல் இளக்கம் அந்தத் தூரத்துக்குள்தான் வரும். பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் சிவப்புத் துணி கட்ட வேண்டும். எவ்வளவு நீட்டலாம் என்பது அந்தந்த நாட்டு விதி. படகோடு சேர்த்து மொத்த உயரத்தை ஒரு சீட்டில் எழுதி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். கவனமெல்லாம் வாகன நிறுத்தத்தின் தாழ்வான வாசலுக்கு வரும்போது தப்பிப் போய்விடும்.

படி 6: துளை போடுவதற்கு முன்னால்

புதுப் படகு வந்ததும் டிரில் மெஷினை எடுக்காதீர்கள். கம்பு தாங்கி, பெட்டி, மோட்டார் எல்லாவற்றையும் முதலில் பிடிப்புக் கிளாம்பிலும் டேப்பிலும் வைத்து ஓட்டிப் பாருங்கள். உட்காரும் இடம், வீசும் கை, மீன் வலை எடுக்கும் பக்கம் எல்லாம் தண்ணீரில் இருக்கும்போதுதான் தெளிவாகும். அப்புறம் துளை போடலாம். நீர்மட்டத்துக்குக் கீழே மட்டும் ஒரு துளையும் கூடாது.

அலுமினியத்தோடு செம்பு, பித்தளை சேரக் கூடாது. ஈரத்தில் இரண்டும் சேர்ந்தால் பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தை அரித்துவிடும். ஸ்டெயின்லெஸ் போல்ட், நைலான் வாஷர், துளையில் சீலன்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். உளுக்காமல் இருக்கச் செம்பு மருந்து ஏற்றிய மரப்பலகைகளும் இதே வேலையைச் செய்யும். தரைக்கு அதைப் போடவே கூடாது. அடித்தளத்தில் உருண்டு கிடக்கும் ஈயக்குண்டுகளையும் பயணம் முடிந்ததும் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

தரையில் ஈவா நுரைப்பாய் ஒட்டுவது வீண் செலவல்ல. அலுமினியத்தில் பெட்டி இடித்தால் அந்தச் சத்தம் அப்படியே தண்ணீருக்குள் இறங்கும். தண்ணீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,480 மீட்டர், காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் அதிக வேகம். ஆழம் குறைந்த இடத்தில் ஒரு தட்டல் போதும், மீன் விலகிவிடும். இரண்டு கிலோ பாயில் இந்தத் தொல்லை போய்விடும்.

மிதப்புக்கான நுரை இருக்கிறதா என்று இருக்கையின் அடியில் பாருங்கள். 45 கிலோ அலுமினியம் தண்ணீருக்குள் அமிழ்ந்தால் 28 கிலோதான் கனக்கும்; தண்ணீரை உறிஞ்சாத மூடிய செல் நுரை 1 லிட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ தூக்கும். ஆக, படகை மட்டும் மிதக்க வைக்க 30 லிட்டர் நுரை, மோட்டாருக்கும் கனமான பேட்டரிக்கும் இன்னொரு 25 லிட்டர். அதை அடியில் அடைக்காமல் விளிம்புக்குக் கீழே, இருக்கைகளின் இரு ஓரங்களிலும் வையுங்கள். நுரை தாழ்வாக இருந்தால், தண்ணீர் நிரம்பிய படகு அடி மேலாகப் புரண்டுவிடும்.

துடுப்பின் நீளத்தை ஊகித்து வாங்குகிறவர்கள்தான் அதிகம். துடுப்பை மாட்டும் ஒரு கொண்டியிலிருந்து மறு கொண்டிக்கு உள்ள தூரத்தில் பாதியை எடுத்து, 5 செ.மீ. சேர்த்து, 25-ஆல் பெருக்கி 7-ஆல் வகுங்கள். 120 செ.மீ. தூரம் என்றால் 60-உம் 5-உம் 65, அதிலிருந்து சுமார் 232 செ.மீ. வரும். படகோடு இலவசமாக வரும் துடுப்புகள் இதைவிட நன்றாகக் குட்டையாக இருக்கும், அதனால்தான் கை வலிக்கிறது. துடுப்பு வலிப்பவர் பின்பக்கம் பார்த்து உட்காருவார். அவர் முழங்கால் மடங்கும் பக்கத்துப் பலகை விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளிக் கொண்டி இருக்க வேண்டும்.

படி 7: மோட்டாரும் பேட்டரியும்

10 அடிப் படகின் வேகத்துக்கு இயற்கையே ஒரு கூரை போட்டிருக்கிறது. தண்ணீரை ஒதுக்கிக்கொண்டு போகும் படகு, நீர்மட்டத்தில் அதன் நீளத்துக்கு ஏற்ற வேகத்தைத் தாண்டச் சிரமப்படும். 9 அடி நீர்மட்ட நீளத்துக்கு அது சுமார் 4 நாட், மணிக்கு 7.5 கி.மீ. அதற்கு மேல் கொஞ்சம் சக்தி கூட்டினாலும் பின்பக்கம் அமிழ்ந்து அலைதான் பெரிதாகும். ஆகவே பெரிய மோட்டாரின் எடையைச் சுமப்பதில் அர்த்தமில்லை.

மின் மோட்டாரின் உந்துவிசை பவுண்டில் சொல்லப்படும். 50 கிலோ மொத்த எடைக்கு 2 பவுண்டு என்பது அடிப்படைக் கணக்கு. நம் 237 கிலோவுக்கு 10 பவுண்டு போதும். காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் மூன்று மடங்கு வைத்தால் 30 பவுண்டு, மனநிம்மதிக்கு 40. பெரிய 55 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் 50 ஆம்பியர் குடிக்கும், 30 பவுண்டு மோட்டார் 30 ஆம்பியர். ஐந்து படி வேகக் கட்டுப்பாடு உள்ள மலிவான மோட்டார்கள் மெதுவாகப் போகும்போதும் மின்சாரத்தைச் சூடாக வீணாக்கும். நுண் கட்டுப்பாட்டில் வேகத்தை மாற்றும் வகை, அரை வேகத்தில் பேட்டரியை நன்றாக இழுத்துப் பிடிக்கும்.

எடையைக் குறைக்க மிகச் சுலபமான இடம் பேட்டரிதான். 100 ஆம்பியர் மணி ஈய பேட்டரி 28, 30 கிலோ இருக்கும். அதில் பாதியைத்தான் பயன்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் ஆயுள் குறையும். அதே 50 ஆம்பியர் மணிக்குக் கிட்டத்தட்ட முழுவதையும் தரக்கூடிய 50 ஆம்பியர் மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 6 கிலோ. விலை அதிகம், ஆனால் டிக்கியிலிருந்து கரைக்கு 28 கிலோவைச் சகதியில் சுமந்தவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. லித்தியத்துக்கு அதற்குரிய சார்ஜர்தான் போட வேண்டும், உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. ஒன்றைக் கவனியுங்கள்: அதன் பாதுகாப்புச் சுற்று எத்தனை ஆம்பியர் விடும் என்று தகட்டில் பாருங்கள். 50 ஆம்பியர் மட்டுமே விடும் பேட்டரியில் 55 பவுண்டு மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டினால் நட்டநடு ஏரியில் அது தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும்.

பேட்டரி முனைக்கு மிக அருகில், நேர்மின் கம்பியில், 50 அல்லது 60 ஆம்பியர் பிரேக்கர் கட்டாயம். மோட்டாரோடு வந்த கம்பியை நீட்டுவதானால் தடிமனான 16 சதுர மி.மீ. கம்பி போடுங்கள்; மெல்லியதில் போனால் மின்னழுத்தம் வழியிலேயே செத்துவிடும். பேட்டரிக்கு மூடியுள்ள பெட்டி, அதை இழுத்துக் கட்டப் பட்டை. மீன் இருக்குமிடத்தைத் திரையில் காட்டும் ஃபிஷ் ஃபைண்டருக்கு 7 ஆம்பியர் மணி சின்ன பேட்டரி தனியாக வையுங்கள். மோட்டாரோடு சேர்த்தால் திரையில் கோடுகளாக ஆடும். அதன் உணர்வியை மோட்டார் எழுப்பும் குமிழிகளிலிருந்து தள்ளி, பின்பலகையின் மறு ஓரத்தில், அடிப்பாகத்தோடு சமமாக வையுங்கள்.

பின்பலகையில் மாட்டும் பெட்ரோல் மோட்டார் (அவுட்போர்டு) வேண்டுமானால் 2 முதல் 3.5 குதிரைத்திறன், 13 முதல் 18 கிலோ. பின்பலகையின் உயரத்தை முதலில் அளக்க வேண்டும். குட்டைத் தண்டு 38 செ.மீ. பலகைக்கு, நீளத் தண்டு 51 செ.மீ. பலகைக்கு. நீங்கள் தவறி விழுந்தால் மோட்டாரை நிறுத்திவிடும் கயிற்றைக் கையில் மாட்டாமல் ஓட்டாதீர்கள். பல ஏரிகளில் பெட்ரோலுக்குத் தடை உண்டு, மோட்டார் வைத்தாலே பதிவு கேட்கும் இடங்களும் உண்டு. வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

படி 8: எடையைப் பரப்புவதும் முதல் ஓட்டமும்

தனியாக ஓட்டும்போது ஆள், மோட்டார், பேட்டரி மூன்றும் பின்னால் சேர்ந்துகொள்ளும். அணியம் வானத்தைப் பார்க்கும், காற்று அதைப் பிடித்துத் திருப்பும், பின்பலகை நீர்மட்டத்துக்கு அருகில் இறங்கும். பேட்டரியை அணியத்துக்கே கொண்டுபோங்கள், கம்பி நீளமானாலும் பரவாயில்லை. நங்கூரமும் குடிதண்ணீரும் அங்கேயே. மோட்டாரின் கைப்பிடியை நீட்டிக்கும் குழாய் ஒன்று வாங்கினால் நீங்களும் நடுப்பலகைக்கு வந்து உட்காரலாம். கரையில் நிற்கும் ஒருவரைப் பக்கவாட்டில் பார்க்கச் சொல்லுங்கள்: அணியம் பின்பக்கத்தைவிடச் சற்றே உயரமாக இருந்தால் சரி.

முதல் தடவை இடுப்பளவு தண்ணீரில், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு இறங்குங்கள். கரையிலிருந்து தள்ளும் முன் வடிகால் தக்கையைப் பாருங்கள். உதிரித் தக்கை ஒன்றை மோட்டாரின் கைப்பிடியில் நூலில் கட்டி வைத்தால், மோட்டாரைத் தொடும் போதெல்லாம் ஞாபகம் வரும். பிறகு, ஆழமில்லாத அந்த இடத்திலேயே விளிம்பில் சாய்ந்து எவ்வளவு தாங்குகிறது என்று பாருங்கள். வேண்டுமென்றே தண்ணீருக்குள் குதித்து, பின்பலகை வழியாகத் திரும்ப ஏறிப் பாருங்கள். பக்கவாட்டில் ஏறினால் கவிழும். பின்னால் ஒரு கயிற்று வளையம் தொங்கவிட்டால் கால் வைத்து ஏறலாம். முடியவில்லையா, தனியாக ஆழத்துக்குப் போகிற நாள் இன்னும் வரவில்லை.

நங்கூரத்துக்கு 1.5 முதல் 2.5 கிலோ மடக்கு வகை போதும். கயிறு ஆழத்தைப் போல் 5 முதல் 7 மடங்கு: 4 மீட்டர் ஆழத்துக்கு 20 முதல் 28 மீட்டர். சங்கிலி 2 மீட்டர் சேர்த்தால் சேற்றில் படுத்துப் பிடிக்கும். ஓடும் ஆற்றில் பின்பக்கத்திலிருந்து நங்கூரம் போடவே கூடாது. நீரோட்டம் பின்பலகையைக் கீழே இழுக்கும், தண்ணீர் அதைத் தாண்டி வரும், அது முழுதும் சில நொடி வேலை. அணியத்திலிருந்துதான் போட வேண்டும், கை எட்டும் இடத்தில் கத்தி இருக்க வேண்டும்.

இருட்டும் வரை இருப்பவர்களுக்கு: 1972-ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளின்படி, 7 மீட்டருக்குக் குறைவான, 7 நாட்டுக்கு மேல் போகாத மோட்டார் படகுக்கு எல்லாப் பக்கமும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கு வேண்டும், முடிந்தால் பக்க விளக்குகளும் காட்ட வேண்டும். துடுப்புப் படகுக்கு, மோதலைத் தவிர்க்கச் சரியான நேரத்தில் காட்டக்கூடிய வெள்ளை டார்ச் கையில் இருந்தால் சரி. உள்ளூர் நீர்நிலை விதி வேறாக இருந்தால் அதுவே செல்லும். விசிலும் தண்ணீர் இறைக்க ஒரு டப்பாவும் கயிற்றில் கட்டியே இருக்கட்டும்.

திரும்பி வந்ததும்

கரையேறியதும் முதல் வேலை தக்கையைக் கழற்றித் தண்ணீரை வடிப்பது. அடியில் தேங்கிய 10 லிட்டர், கூரைக்கு ஏற்றும்போது 10 கிலோ. ஒட்டிய பாசியையும் செடியையும் அங்கேயே உதிர்த்துவிடுங்கள். ஒரு ஏரியின் களையும் நத்தையும் இன்னொரு ஏரிக்குப் போவது இப்படித்தான். உப்புத் தண்ணீரில் ஓட்டியிருந்தால் மோட்டார், பக்கிள், போல்ட் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

வீட்டில் இரண்டு கட்டையின்மேல் கவிழ்த்து, தரையில் படாமல் வையுங்கள். பட்டைகளை வெயிலில் விடாதீர்கள். நிறம் வெளுத்து, ஓரம் பிசிறு கண்டவுடன் மாற்றிவிடுங்கள். ஈய பேட்டரியை முழு சார்ஜிலும், லித்தியத்தைப் பாதி சார்ஜிலும் வைத்தால் அடுத்த சீசன் வரை தாங்கும். குறுக்குச் சட்டத்தின் போல்ட்டுகளை அடுத்த பயணத்தின் காலையில் அல்ல, முந்தைய நாள் வெளிச்சத்திலேயே இறுக்கிப் பார்த்துவிடுங்கள்.